யாரும் பயன்படுத்தாத வடிவம்

“டீச்சர், இதை யார் பயன்படுத்துறாங்க?” என்று சிவதாணு கேட்டார்.

ஸ்டெல்லா திரையைப் பார்த்தாள்.

“ஆறு வருஷமா ஒரு புகார் இல்லை, ஒரு கேள்வி இல்லை. மூவாயிரம் வரி சும்மா கிடக்கு.”

சிவதாணுவுக்கு வயது ஐம்பத்தொன்று. சென்னையில் கம்பெனி வேலையை விட்டுவிட்டு நாகர்கோவிலுக்குத் திரும்பி, தன்னைவிடப் பதினைந்து வயது இளையவளான ஸ்டெல்லாவிடம் தொழில் கற்க வந்தவர்.

ஸ்டெல்லா பராமரித்தது ஒரு மென்பொருள் லைப்ரரி. பெரிய புரோகிராம்களைத் துண்டு துண்டாகச் செய்து கடைசியில் ஒன்றாக இணைப்பார்கள். அந்தத் துண்டுகளுக்கு ஆப்ஜெக்ட் கோப்பு என்று பெயர். ஒவ்வொரு வகை இயந்திரத்துக்கும் அதன் வடிவம் வேறு. எல்லா வடிவங்களையும் படிக்கத் தெரிந்தது அந்த லைப்ரரி. யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம். யார் எடுத்தார்கள் என்று யாருக்கும் தெரியாது.

“அப்ப இந்தப் பழைய வடிவத்தைத் தூக்கிடவா?”

“தூக்குங்க அண்ணாச்சி.”

தூக்கினார். புதிய பதிப்பு வெளியானது. அன்றைக்கு அவர் இரண்டு காப்பி குடித்தார்.

*

சில மாதம் கழித்து ஒரு மின்னஞ்சல் வந்தது. கோப்பின் வடிவம் தெரியவில்லை என்று திரையில் வருகிறது, என்ன செய்ய?

சிவதாணு ஒரு வரியில் பதில் போட்டார். அந்த வடிவத்தை நீக்கிவிட்டோம், பழைய பதிப்பைப் பயன்படுத்தவும்.

பிறகு மறந்துவிட்டார்.

பதினோராம் நாள் ஸ்டெல்லா அவரைக் கூப்பிட்டாள். “இதைப் படிங்க. சத்தமா.”

அவர் படித்தார்.

“ஐயா, நான் அணையில் எலக்ட்ரீசியன். மதகு திறக்கும் முன்னால் ஆற்றில் குளிப்பவர்களுக்குச் சங்கு ஊத வேண்டும். இடி விழுந்து சங்கை இயக்கும் போர்டும் ஆபீஸ் கம்ப்யூட்டரும் கருகிவிட்டன. புது போர்டில் புரோகிராம் ஏற்ற முடியவில்லை. நீங்கள் சொன்ன பழைய பதிப்பு புது கம்ப்யூட்டரில் ஓடவில்லை. மதகு திறக்கும்போதெல்லாம் நான் பைக்கில் போய்ச் சத்தம் போடுகிறேன். எப்போது சரியாகும் என்று மட்டும் சொல்லுங்கள். பீர்முகமது.”

சிவதாணு உட்கார்ந்துவிட்டார்.

“என்னை ஏன் தடுக்கலை, டீச்சர்?”

“யாரும் இல்லைன்னுதான் எனக்கும் தோணிச்சு.”

நீக்கியதை அவர் திரும்பச் சேர்த்தார். சேர்த்தது சரியாகப் படிக்கிறதா என்று பார்த்து முடிக்க மதியமாயிற்று. அனுப்பப் போனபோது அவள் கையைக் காட்டி நிறுத்தினாள்.

“ஒரு பிரதி அனுப்பி வைங்க. இன்னொண்ணை நீங்களே கொண்டு போங்க.”

“அனுப்பினா போதாதா?”

“போன தடவையும் அனுப்பத்தானே செஞ்சீங்க?”

*

மறுநாள் காலை அணைக்குப் போய்ச் சேர்ந்தார். பீர்முகமது மெலிந்த மனிதர். தொண்டை கட்டியிருந்தது.

“நீங்க அனுப்பினது நேத்தே வந்துட்டு அண்ணாச்சி. கம்ப்யூட்டர்ல ஏத்தியாச்சு. போர்டுக்கு மாத்தணும், ஒரு மணி நேரம் ஆவும். ஆனா இப்ப மதகு திறக்காவ. ஏறுங்க.”

பைக் கரையோரமாக ஓடியது. பீர்முகமது ஒரு கையால் விசிலை ஊதினார். விசில் யாருக்கும் உறைக்கவில்லை. துணி துவைத்துக்கொண்டிருந்த பெண்கள் சிரித்தார்கள்.

“தண்ணி வருது! ஏறுங்க!”

பீர்முகமதுவின் குரல் எழும்பவில்லை. சிவதாணு பின்னாலிருந்து கத்தினார். வாழ்நாளில் அப்படிக் கத்தியதில்லை. மூன்றாவது படித்துறையில் ஒரு பெரியவர் காதுவரை தண்ணீருக்குள் மிதந்துகொண்டிருந்தார், கண் மூடி. சிவதாணு செருப்போடு இறங்கி, அவர் தோளைப் பிடித்து இழுத்தார்.

“யாருவே நீ?” என்று பெரியவர் கேட்டார்.

சிவதாணு பிடியை விடவில்லை.

அவர்கள் படியேறி நின்ற சற்று நேரத்தில் தண்ணீர் கலங்கலாக ஏறியது. துவைக்கிற கல் மறைந்தது.

“இத்தனை நாளா இப்படித்தானா?” என்று சிவதாணு கேட்டார்.

“நாளுக்கு ரெண்டு தடவை. ஒருநாள் காய்ச்சல். அன்னைக்கு என் வீட்டுக்காரி வந்தா.” பீர்முகமது விசிலைச் சட்டையில் துடைத்தார். “நீங்க நேர்ல வருவியன்னு நினைக்கவே இல்ல. சாப்பிட்டியளா?”

சாயங்காலம் மதகு திறக்கும்முன் சங்கு ஊதியது.

*

நாகர்கோவில் திரும்பியதும் சிவதாணு நேராக ஸ்டெல்லாவிடம் போனார்.

“இனி ஒரு வரிகூட நீக்க மாட்டேன், டீச்சர்.”

அவள் நாற்காலியை நகர்த்தி இடம் விட்டாள். அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இன்னொரு பழைய வடிவத்தைத் திறந்தாள். அவள் முதன்முதலாக எழுதிச் சேர்த்த வடிவம் அது. மேலிருந்து கீழ்வரை ஒருமுறை ஓட்டிப் பார்த்தாள். முழுவதையும் நீக்கினாள்.

சிவதாணு பதறிப்போனார்.

“ஐயோ! யாராவது வச்சிருந்தா?”

“ஒருத்தர் வச்சிருந்தார். சிவகாசியில ஒரு அச்சாபீஸ். அந்த மெஷினைப் பொங்கலோட எடைக்குப் போட்டுட்டாங்களாம்.”

“அது உங்களுக்கு எப்படித் தெரியும்?”

ஸ்டெல்லா நீக்கியதைச் சேமித்தாள்.

“இதுவரை மெயில் போட்ட எல்லாருக்கும் எழுதிக் கேட்டேன், அண்ணாச்சி. நீங்க பஸ் ஏறின பிறகுதான் கேட்கணும்னே எனக்குத் தோணிச்சு.”