முன்னே போகும் டீச்சர், பின்னே போகும் பாய்

தணிகாசலம் எழுதினால் ஊர் அழும். மாமியார்களைக் கொடுமைக்காரிகளாக்கியும், கர்ப்பிணிகளை மாடிப்படியில் உருட்டிவிட்டும் இருபது வருஷமாகத் தொடர்கள் எழுதிவந்தார். அவர் மனைவி கோமளா மட்டும் அவற்றைப் பார்ப்பதை எப்போதோ நிறுத்திவிட்டாள்.

ஒருநாள் சேனலில் அவரைக் கூப்பிட்டுச் சொன்னார்கள்.

"அழுகை போதும் சார். வாராவாரம் சிரிக்க வைக்கிற மாதிரி ஒண்ணு வேணும். இடமும் ஆளுங்களும் எங்களுக்குப் பிடிக்கணும். சரிவரலேன்னா வேற ஆளைப் பார்த்துக்கறோம்."

தணிகாசலம் வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தார். எழுத ஆரம்பித்த நகைச்சுவைக் காட்சியில் மூன்றாவது வரியிலேயே ஒருவருக்கு ஆஸ்பத்திரி வந்துவிட்டது.

மறுநாள் ரெஜினாவைத் தேடி விருகம்பாக்கம் போனார். அவர் மகள் வயதுதான் அவளுக்கு. ஆனால் அவள் எழுதிய சிரிப்புத் தொடர் ஓடுகிற நேரத்தில் தெருவில் ஆட்டோ கிடைக்காது.

"என்னைச் சிஷ்யனாச் சேர்த்துக்கணும், மேடம்."

"ஐயோ, என்ன சார் இது? உங்க வயசென்ன, என் வயசென்ன!"

"வயசெல்லாம் அழ வைக்கறதுலதான். சிரிப்புல நான் ஒண்ணாங்கிளாஸ்."

ரெஜினா சிரித்தாள். காபி கொடுத்தாள். "கேளுங்க" என்றாள்.

"கதையை எந்த இடத்துல வெச்சா சிரிப்பு வரும்?"

"நீங்க எங்கெல்லாம் யோசிச்சீங்க?"

"ஒரு சர்க்கஸ் கூடாரம்."

"அங்க யார் இருக்காங்க?"

"அதை அப்புறம் பார்த்துக்கலாம். இல்லேன்னா ஒரு பேய் பங்களா."

"அங்க?"

"பேய் இருக்கும். மத்தவங்களை அப்புறம் சேர்க்கணும். அதுவும் வேண்டாம்னா நடுக்கடல்ல ஒரு சொகுசுக் கப்பல்!"

ரெஜினா காபி டம்ளரைக் கீழே வைத்தாள்.

"சார், நான் கார் ஓட்டக் கத்துக்கறேன். நாளைக்குக் காலையில கிளாஸ் இருக்கு. வரீங்களா?"

கேட்டதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று அவருக்கு விளங்கவில்லை. சிஷ்யன் என்று சொல்லிவிட்டதால் சரி என்றார்.

அந்த டிரைவிங் ஸ்கூலில் இருந்தது ஒரே ஒரு பழைய கார். ஓட்டக் கற்றுக்கொடுத்தவர் சுந்தரவடிவேல் மாஸ்டர். யார் என்ன செய்தாலும் மெல்லிய குரலில் "பிரமாதம்" என்பார். சொல்லும்போதே அவருடைய கால் தன் பக்கத்து பிரேக்கை மிதித்துக்கொண்டிருக்கும்.

ரெஜினாவோடு கற்றுக்கொள்ள இன்னும் இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் ரங்கநாயகி டீச்சர், பெண்கள் பள்ளியில் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வுபெற்றவர். இன்னொருவர் யாசின் பாய், மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர். பின்சீட்டில் பாய்க்கும் ரெஜினாவுக்கும் நடுவே தணிகாசலம் முழங்காலை மடக்கிக்கொண்டு உட்கார்ந்தார்.

முதலில் டீச்சர் ஓட்டினார். வண்டி நேராகப் போய் ஒரு குப்பைத் தொட்டியை இடித்தது.

"இதை யாரு இங்க வெச்சது?" என்றார் டீச்சர்.

"பிரமாதம். கொஞ்சம் ரைட்ல ஒடிச்சிருக்கலாம்" என்றார் மாஸ்டர்.

"தப்பு அது மேல. நான் எதுக்கு ஒடிக்கணும்?"

அடுத்து யாசின் பாய். நாற்சந்தி வந்ததும் வண்டியை நிறுத்தி, ஒரு பஸ்ஸைப் போகவிட்டார். பிறகு ஒரு ஸ்கூட்டர். பிறகு இளநீர் வண்டி. பிறகு ஒரு நாய்.

"பாய், அது ரோட்டைக் கடக்கவே வரல. படுக்க வந்திருக்கு!" என்று டீச்சர் கத்தினார்.

"படுக்கட்டும்மா. அப்புறமா போலாம்."

இறங்கியதும் தணிகாசலம் ரெஜினாவின் கையைப் பிடிக்காத குறை.

"இடம் கிடைச்சிடுச்சு, மேடம்! டிரைவிங் ஸ்கூல்!"

"எழுதிட்டு வாங்க" என்றாள்.

எழுதிக்கொண்டு வந்தார். வரிக்கு வரி ஜோக். ரெஜினா காகிதத்தை வாங்கி, பேசுகிறவர்களின் பெயர் இருந்த ஓரத்தை உள்ளங்கையால் மறைத்துக்கொண்டாள்.

"இந்த வரியைப் பேசறது யாரு சார்?"

தணிகாசலம் படித்துப் பார்த்தார். "டீச்சர். இல்ல... மாஸ்டரா இருக்கணும்."

கையை எடுத்தாள். யாசின் பாய் என்று இருந்தது.

"இது?"

அதுவும் தப்பு. அவரே எழுதியது, அவருக்கே தெரியவில்லை.

"நாலு பேரும் நல்லா ஜோக் அடிக்கறாங்க. ஆனா ஒரே வாயால அடிக்கறாங்க" என்றாள் ரெஜினா.

தணிகாசலத்தின் முகம் தொங்கிப்போனது. "எனக்கு இது வராது போல."

"நாளைக்கும் வாங்க" என்றாள்.

அவர் மறுநாளும் போனார், அதற்கடுத்த நாளும் போனார். காகிதத்தைத் தொடவில்லை. பின்சீட்டில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார். டீச்சர் ஹாரனைப் பள்ளிக்கூட மணி போல அடிப்பதைப் பார்த்தார். பாய் வண்டியை ஸ்டார்ட் செய்யும் முன்பே தெருவிடம் மன்னிப்புக் கேட்பது போல நெஞ்சில் கை வைப்பதைப் பார்த்தார்.

ஒருநாள் டீச்சர் ஓட்டிக்கொண்டிருந்தபோது, ஒரு குறுகிய சந்தில் எதிரே தண்ணீர் லாரி வந்து நின்றது. இரண்டில் ஒன்று பின்னால் போயாக வேண்டும்.

ரெஜினா தணிகாசலத்தின் காதருகே குனிந்தாள்.

"டீச்சர் இப்ப என்ன செய்வாங்க, சொல்லுங்க."

அவர் யோசிக்கவே இல்லை. "லாரிக்காரன் பேரைக் கேப்பாங்க."

டீச்சர் கண்ணாடியை இறக்கினார். "தம்பி, உன் பேரென்ன?"

தணிகாசலம் வாயைப் பொத்திக்கொண்டார்.

"பாய்?" என்றாள் ரெஜினா.

"இறங்கிப் போய் லாரிக்கு வழி சொல்லுவார்."

யாசின் பாய் கதவைத் திறந்து இறங்கிவிட்டார். "மெதுவா வாங்க தம்பி, மெதுவா, நாங்க போயிடறோம்" என்று லாரியை முன்னே கூப்பிட்டார். டீச்சர் அதே லாரியைப் பின்னே போகச் சொல்லிக்கொண்டிருந்தார். லாரிக்காரன் தன் பெயர் குமரவேல் என்று இரண்டு பேரிடமும் பணிவாகச் சொன்னான். ஒரு முழம் முன்னே வந்தான், ஒரு முழம் பின்னே போனான். ஒவ்வொரு குலுக்கலுக்கும் லாரியிலிருந்து தண்ணீர் தளும்பி பாயின் தலையில் கொட்டியது.

"மாஸ்டர்?" என்றாள் ரெஜினா. அவளுக்கே குரல் சரியாக வரவில்லை.

தணிகாசலம் வாயைத் திறந்தார். அதற்குள் முன்சீட்டிலிருந்து வந்துவிட்டது.

"பிரமாதம்."

தணிகாசலம் சிரித்தார். முன்சீட்டின் முதுகில் தலையை முட்டிக்கொண்டு சிரித்தார். ரெஜினா சிரித்தாள். நனைந்து நின்ற பாய் இவர்களைப் பார்த்துச் சிரித்தார். "என்ன சிரிப்பு? கிளாஸ் நடக்குது" என்று அதட்டிய டீச்சருக்கும் பாதியில் சிரிப்பு பொத்துக்கொண்டது.

கடைசியில் பாய்தான் வண்டியை எடுத்தார். அப்போது ஓர் அதிசயம் நடந்தது. அத்தனை வளைவுள்ள சந்தில், இரண்டு பக்கச் சுவரிலும் உரசாமல், அவர் வண்டியை வழுக்கினாற்போலப் பின்னாலேயே கொண்டுபோனார்.

"எப்படி பாய்?" என்றார் தணிகாசலம்.

"எல்லாருக்கும் வழி விட்டு விட்டு இது மட்டும் நல்லா வந்துடுச்சு, சார்."

டீச்சர் கைகளைக் கட்டிக்கொண்டு சொன்னார்: "எனக்கு ரிவர்ஸ் வராது. நான் எதுலயும் பின்வாங்கினதில்ல."

அன்று தணிகாசலம் சமையலறை வாசலில் நின்று இதையெல்லாம் கோமளாவிடம் நடித்துக் காட்டினார். அடுப்பில் தோசை கருகியது. கோமளா கரண்டியைப் பிடித்துக்கொண்டு, சுவரில் சாய்ந்து சிரித்தாள்.

"அந்த டீச்சர் நாளைக்கு என்ன செய்வா?" என்று கேட்டாள்.

அவர் உட்கார்ந்து எழுதினார். இந்த முறை ஜோக் ஒன்றும் எழுதவில்லை. டீச்சரும் பாயும் மாஸ்டரும் மனசுக்குள் பேசினார்கள்; அவர் எழுதிக்கொண்டார். ரெஜினா ஓரத்தை மறைத்துக்கொண்டு கேட்டபோது, கேள்வி முடியும் முன்பே பதில் சொன்னார். அவள் காகிதத்தை மடித்து அவரிடமே கொடுத்தாள்.

"சேனலுக்கு எடுத்துட்டுப் போங்க."

சேனலில் படித்தவர்கள் மேஜையைத் தட்டிச் சிரித்தார்கள். பிறகு அவர்களில் ஒருவர் கேட்டார்.

"ரொம்ப நல்லா இருக்கு சார். ஆனா லைசென்ஸ் வாங்கிட்டா கதை முடிஞ்சிடுமே? அப்புறம் இவங்க எதுக்கு ஒரே வண்டியில ஏறணும்? இந்தக் கேள்விக்குப் பதில் கொண்டுவாங்க. ஆரம்பிச்சிடலாம்."

தணிகாசலம் காகிதத்தை மடித்துக்கொண்டு, டெஸ்ட் எப்போது வருமோ என்று பயந்துகொண்டே திரும்பினார்.

அவர் பயந்தது போலவே அதே வாரம் டெஸ்ட் வந்தது. டீச்சர் பாஸ். பாய் பாஸ். பக்கத்தில் இன்ஸ்பெக்டர் உட்கார்ந்ததும் சிரிப்பு வந்துவிட்டதால் ரெஜினா மட்டும் ஃபெயில். பாய் எல்லோருக்கும் மைசூர்பாகு கொடுத்தார். டீச்சர் மாஸ்டருக்கு ஒரு பேனா பரிசளித்தார். எல்லோரும் கும்பிட்டு விடைபெற்றுக்கொண்டார்கள்.

அன்று சாயங்காலம் தணிகாசலம் ரெஜினாவுக்குப் போன் செய்து சேனலில் கேட்டதைச் சொன்னார்.

"நியாயமான கேள்விதான்" என்றாள். போனை வைத்துவிட்டாள்.

மறுநாள் காலையில் தணிகாசலம் குளித்தார், சட்டை மாட்டினார், செருப்பைப் போட்டுக்கொண்டு கிளம்பினார். பாதி வழியில்தான் எங்கே போகிறோம் என்று யோசித்தார். திரும்பவில்லை.

டிரைவிங் ஸ்கூல் வாசலில் ரெஜினா நின்றிருந்தாள். அவள் ஃபெயில், அவள் வரத்தான் வேண்டும். ஆனால் காருக்குப் பக்கத்தில் ரங்கநாயகி டீச்சரும் நின்றிருந்தார்.

"இந்தப் பாய் லைசென்ஸை வெச்சுக்கிட்டு என்ன பண்ணுவார்? தனியா விட்டா நாய்க்கெல்லாம் வழி விட்டுட்டு ராத்திரிதான் வீடு போய்ச் சேருவார். ரெண்டு நாள் கூட இருந்து பார்த்துக்கறேன்."

யாசின் பாயும் வந்துசேர்ந்தார். தணிகாசலத்தைத் தனியே அழைத்து, குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"டீச்சரம்மாவுக்கு ரிவர்ஸ் வரல, சார். டெஸ்ட்ல அந்த இன்ஸ்பெக்டர் பயந்துபோய் விட்டுட்டார். எங்கயாவது மாட்டிக்கிட்டா பின்னால எடுக்க ஆள் வேணும்ல?"

மாஸ்டர் யாரையும் எதுவும் கேட்கவில்லை. பின்சீட்டை ஏற்கெனவே துடைத்து வைத்திருந்தார். "பிரமாதம்" என்று சொல்லிக் கதவைத் திறந்தார்.

டீச்சரும் பாயும் யார் முன்னால் உட்காருவது என்று சண்டை போட ஆரம்பித்தார்கள். தணிகாசலம் ரெஜினாவின் பக்கத்தில் போய் நின்றார்.

"மேடம், சேனல்ல கேட்ட அதே கேள்விதான் எனக்கும். கத்துக்க வந்தாங்க, கத்துக்கிட்டாங்க. லைசென்ஸும் கைக்கு வந்தாச்சு. அவங்கவங்க வேலையைப் பார்த்துக்கிட்டுப் போகவேண்டியதுதானே? எதுக்குத் திரும்ப வந்திருக்காங்க?"

ரெஜினா அவரைத் திரும்பிப் பார்த்தாள்.

"உங்களை நான் இன்னிக்கு வரச் சொல்லலையே. நீங்க எதுக்கு சார் வந்தீங்க?"

தணிகாசலம் சிரித்துக்கொண்டே போய்ப் பின்சீட்டின் நடுவில், முழங்காலை மடக்கிக்கொண்டு உட்கார்ந்தார்.