ஒரு குளம்பும் படாத காடு

காங்கேயத்துப் பக்கம் ஒரு மடம். மடத்துக்கு ஒரு கொரங்காடு உண்டு. ஏர் படாமல், மாடு மேயவென்றே கிளுவை வேலி கட்டிவிட்ட நிலம். குறுக்கு வேலியால் நாலு துண்டாகப் பிரித்திருந்தார்கள். ஒன்று மேய்ந்து முடிந்தால் அடுத்தது.

குரு பூவாத்தாள். காட்டுக்குக் காவல், சீடர் நாச்சிமுத்து. அரிசி ஆலையை மகனிடம் விட்டுவிட்டு ஞானம் தேடி வந்தவர். குருவைவிட வயதில் பெரியவர். பேசுமுன் "ஹ்ஹும், ஹ்ஹும்" என்று கனைப்பார். கன்றுக்குட்டிகள் ஆள் தெரியாமல் பதில் கொடுக்கும்.

காவலுக்கு வந்ததுமே, புல் செழித்த தென்துண்டின் வாசலைப் படல் வைத்து இறுக்கிக் கட்டிவிட்டார். மழை வந்தது, போனது. கோடையும் வந்தது. உள்ளே கொழுக்கட்டைப் புல் இடுப்பு உயரம் நின்று, காய்ந்து, சாம்பல் நிறத்தில் சாய்ந்து கிடந்தது. படல் மட்டும் அவிழவில்லை.

பிறகு ஒரு சாயங்காலம் வானம் பிய்த்துக்கொண்டு ஊற்றியது. மண் வாசனைக்குப் பட்டியில் மாடுகள் துள்ளின. சில நாளில் மற்ற மூன்று துண்டிலும் பச்சை ஊசி ஊசியாகக் கிளம்பியது. குருத்து நிமிரும்வரை அதில் மாடு விடுவதில்லை, அது அங்கே வழக்கம்.

அடுத்த காட்டு ராக்கியண்ணன் தன் செவலைப் பசுவைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றார். செவலை நிறைசினை. விலா எலும்பு வெளியே தெரிந்தது. குருத்து தேறும்வரை தென்துண்டில் விடச் சொன்னார். இல்லாவிட்டால் விடிந்ததும் சந்தைக்கு ஓட்டவேண்டியதுதான், வேறு வழியில்லை என்றார்.

"ஹ்ஹும். அது கெட்ட காலத்துக்குன்னு வெச்சிருக்கறதுங்க."

"இதைவிடக் கெட்டது எப்பங்க வருது? சொன்னீங்கன்னா அன்னைக்கே வாரனுங்."

நாச்சிமுத்து குருவிடம் ஓடினார்.

"ஆத்தா, காக்கறவன் என்னங்க செய்யோணும்?"

பூவாத்தாள் அரிவாளை எடுத்துக்கொண்டு நடந்தாள். படல் கயிற்றில் ஒரே வெட்டு. பட்டிப் பக்கம் திரும்பி, "ம்பா... பா... பா..." என்றாள்.

வந்ததே கூட்டம்! கொம்பும் வாலுமாக, புழுதியும் சாணியுமாக, மடத்து மாடுகளோடு செவலையும் வயிற்றைத் தூக்கிக்கொண்டு உள்ளே பாய்ந்தது. மொறுக் மொறுக்கென்று காடு முழுக்க ஒரே சத்தம். நாச்சிமுத்து குறுக்கே ஓடி, ஒவ்வொரு மாட்டிடமும் மிதிக்காமல் தின்னும்படி கெஞ்சினார். வேலிக்கு அந்தப் பக்கமிருந்து ராக்கியண்ணன் "ஹ்ஹும், ஹ்ஹும்" என்று கனைத்துக் காட்ட, கன்றுகள் எல்லாம் அந்தப் பக்கம் ஓடின.

பொழுது சாய்ந்தபோது செவலை வயிறு புடைக்கப் படுத்து அசைபோட்டது. சந்தையாவது ஒன்றாவது என்று ராக்கியண்ணன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

நொறுங்கிய புல் தாளின் நடுவே நாச்சிமுத்து உட்கார்ந்துவிட்டார்.

"ஒரு குளம்பு படாமக் காத்தனுங்க ஆத்தா. மிதிச்சுத் தவிடாக்கிப் போட்டுதுங்களே. இனி என்னங்க இருக்குது இங்கே?"

பூவாத்தாள் குனிந்து, மிதிபட்ட தாளைக் கையால் ஒதுக்கினாள். அடியில் ஒரு குருத்து. நூல் போல, வெள்ளை வெளேரென்று, வளைந்து.

"இதே மழைதான் இங்கேயும் பேஞ்சுது. நீங்க மேலே கூரை போட்டு வெச்சிருந்தீங்க. செவலை வந்து பிரிச்சு உட்டுருச்சு."