பொரியின் விரதம்

கொள்ளிடக் கரையில் உள்ள மடத்துக்கு அதன் குரு முகுந்த சுவாமி துவாதசி காலையில் திரும்பினார். பத்து நாள் வெளியூர்ப் பயணம். வாசலில் கூட்டம் நின்றது. நடுவில், கோணிமேல், மடத்து நாய் பொரி படுத்திருந்தது. கழுத்தில் துளசி மாலை. நெற்றியில் திருமண்.

சௌரிராஜன் ஓடிவந்து சேவித்தார். தாலுகா அலுவலகத்திலிருந்து ஓய்வு பெற்றபின் மடத்தில் சேர்ந்தவர். சீடர்தான், வயதில் குருவைவிடப் பன்னிரண்டு ஆண்டு மூத்தவர்.

"அடியேனுக்கு ஒரு சந்தேகம், சுவாமி. நாய்ப் பிறவிக்கும் பக்தி வாய்க்குமா?"

"எதற்குக் கேட்கிறீர்?"

"பொரி ஏகாதசி விரதம் இருக்கிறது. தசமி அன்றே சோற்றைத் தொடவில்லை. நேற்று தண்ணீரும் இல்லை, நிர்ஜலம். உள்ளூர்ப் பத்திரிகைக்காரர் வந்து படம் எடுத்துப் போனார்."

"இன்று துவாதசி. விரதம் முடிக்கும் பாரணைக்கு என்ன வைத்தீர்?"

"நமக்குச் சமைத்ததைத்தான். சோறும் அகத்திக்கீரையும். முகத்தைத் திருப்பிக்கொண்டது. வைராக்கியத்தில் நம்மை மிஞ்சிவிட்டது, சுவாமி."

கூட்டத்தில் ஒருவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

துறவுக்கு முன் ஆறு ஆண்டுகள் கால்நடை மருந்தகத்தில் உதவியாளராக இருந்தவர் குரு. அதைப் பற்றி மடத்தில் பேசியதில்லை. மூட்டையை இறக்கி வைத்தார். கோணியருகே மண்டியிட்டு, நாயின் மேலுதட்டைத் தூக்கினார்.

"ஈறு என்ன நிறம்?"

சௌரிராஜன் குனிந்து பார்த்தார். "வெள்ளை."

"உம் உதட்டை மடித்து அந்தக் கண்ணாடியில் பாரும்."

திருமண் இட்டுக்கொள்ளச் சுவரில் மாட்டியிருந்த கண்ணாடி அது. சௌரிராஜன் பார்த்தார். அவருடைய ஈறு சிவப்பாக இருந்தது. திரும்பி வந்தபோது நடை வேகமாக இருந்தது.

"காதைப் புரட்டும்."

உள்ளே ஆமணக்கு விதைகளைப் பதித்ததுபோல் உண்ணிகள். கால்விரல் இடுக்குகளிலும் இருந்தன.

"உண்ணி இல்லாத நாய் ஏது சாமி?" என்றார் கன்னத்தில் போட்டுக்கொண்டவர். "மூக்கு ஈரமாத்தான் இருக்கு. மூக்கு ஈரமா இருந்தா நாய்க்கு ஒண்ணுமில்லம்பாங்க."

"மூக்கு இருக்கட்டும். சிறுநீர் என்ன நிறம்?"

குரு சீடர் பக்கம் திரும்பினார்.

"சௌரிராஜன்."

"கடுங்காப்பி நிறம். நேற்றுக் காலையில். தண்ணீர் குடிக்காததால் அப்படி என்று..."

குரு எழுந்தார். "வண்டியை எடுக்கச் சொல்லும்."

"பாரணை நேரம் முடிய இன்னும் முக்கால் மணிதான் இருக்கிறது. தேவரீர் நேற்றிலிருந்து..."

"நாயைத் தூக்கும்."

வேனில் பொரியின் தலை சௌரிராஜன் மடியில் கிடந்தது. உடம்பு கொதித்தது. வயிறு வேகவேகமாக ஏறி இறங்கியது. ரயில்வே கேட் மூடியிருந்தது. சரக்கு ரயில். பெட்டிகள் முடிவில்லாமல் போய்க்கொண்டிருந்தன. பொரியின் மூச்சு ஒருமுறை நின்றது. சௌரிராஜன் குருவைப் பார்த்தார். குரு நாயின் விலாவில் கை வைத்திருந்தார். மூச்சு மறுபடி வந்தது.

கால்நடை மருத்துவர் பரிமளா உதட்டைத் தூக்கிப் பார்த்துவிட்டு ரத்தம் எடுத்தார். நெற்றியைப் பார்த்தார்.

"இது யாரு போட்டது?"

சௌரிராஜன் மேல்துண்டைச் சரிசெய்தார்.

"உண்ணிக் காய்ச்சல். உண்ணி கடிச்சு உள்ள போன கிருமி ரத்தத்தை உடைச்சிட்டிருக்கு. எப்பலேருந்து சாப்பிடல?"

"தசமியிலிருந்து."

"அது என்னிக்குங்க?"

"முந்தாநாள்," என்றார் குரு.

"அன்னிக்கே வந்திருந்தா ஒரு ஊசியோட சரியாப் போயிருக்கும். முழுசா ஒரு வேளை சாப்பிடலன்னாலே பார்க்கணும் ஐயா. நாய்க்குப் பேச வேற வழி என்ன இருக்கு?"

"பிழைக்குமா?"

"சாயங்காலம் கேளுங்க."

ஊசி போட்டார்கள். முன்னங்காலில் சொட்டு மருந்து ஏறியது. குரு முள்வாங்கி கேட்டு வாங்கி உண்ணிகளை ஒவ்வொன்றாக எடுத்தார். தோலை ஒட்டிப் பிடித்து, நசுக்காமல், நேராக இழுத்தார். சௌரிராஜன் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டிருந்தார். பாரணை நேரம் தாண்டியது.

மதியத்துக்குமேல் சௌரிராஜனின் கைபேசி மூன்று முறை அடித்தது. மூன்றாவது முறை எடுத்தார்.

"பக்கத்து ஊரிலிருந்து வேன் வைத்து வந்திருக்கிறார்களாம், சுவாமி. விரதம் இருக்கும் நாயைப் பார்க்க வேண்டுமாம். என்ன சொல்ல?"

"நீர் என்ன சொல்வீர்?"

சௌரிராஜன் கைபேசியை அணைத்து இடுப்பில் செருகினார். மேல்துண்டின் நுனியை நனைத்து, நாயின் நெற்றியைத் துடைத்தார். திருமண் சீக்கிரம் போகவில்லை. மூன்று முறை துடைக்க வேண்டியிருந்தது.

நாலரை மணிக்குப் பொரி கண் திறந்தது. கிண்ணத்திலிருந்த தண்ணீரை இரண்டு முறை நக்கியது. சற்றுப் பொறுத்து இன்னொரு முறை.

பரிமளா வந்து பார்த்தார். "தண்ணி குடிக்குது. ரத்தம் ஊற நாளாகும். இனிமே தேறிடும்னு நினைக்கிறேன்."

அவர் போனபின் சௌரிராஜன் தரையில் உட்கார்ந்தார். குருவிடம் கேட்டார்.

"தசமியிலிருந்து என் மடியில்தான் படுத்திருந்தது, சுவாமி. வேறு யாரிடமும் போகவில்லை. எனக்கு ஏன் தெரியாமல் போயிற்று?"

குரு கடைசி உண்ணியைக் கிண்ணத்தில் போட்டார்.

"அது உம் மடியில் தலை வைத்தது. நீர் அந்தத் தலையில் திருமண் இட்டீர்."