வாங்கின விலைக்கே விற்ற கரடி

குளத்தங்கரைக் காட்டில் கரடி அண்ணாச்சி தினை மொத்த வியாபாரம் செய்துவந்தது. மலை யானைகள் மூட்டை மூட்டையாகத் தினையைக் கொண்டுவந்து இறக்கும். சில்லறைக் கடை வைத்திருந்த முயல், உடும்பு, கீரி எல்லாம் கூடையோடு வந்து, படியால் அளந்து வாங்கிப் போகும். அந்தக் காட்டில் புளியங்கொட்டைதான் காசு.

ஒரு நாள் சிட்டாண்டி என்ற கீரி வழக்கத்தைவிட முன்னதாகவே வந்துவிட்டது. யானையும் கரடியும் விலை பேசிக்கொண்டிருந்தன.

"படி எட்டுக் கொட்டை, அண்ணாச்சி."

"சரி, முப்பது மூட்டை இறக்கு."

கீரிக்குத் தூக்கிவாரிப் போட்டது. கடைக்காரர்களுக்கும் கரடி எட்டுக் கொட்டைக்குத்தானே கொடுக்கிறது! வாங்கின விலைக்கே விற்றால், எதைத் தின்று இப்படி உருண்டு திரண்டு இருக்கிறது?

அளவில் திருட்டு இருக்கும் என்று வீட்டுக்குப் போய் அளந்து பார்த்தது. ஒரு பிடி கூடுதலாகவே இருந்தது. கல் கலந்திருக்குமோ என்று புடைத்துப் பார்த்தது. பேருக்குக்கூட ஒரு கல் இல்லை. அன்று கீரிக்குச் சோறு இறங்கவில்லை.

"அலமேலு, அந்தக் கரடி சரியான மக்கு" என்றது பெண்டாட்டியிடம். "இப்ப எட்டுக்கு வாங்கி அடைச்சு வச்சா, மழைக்காலத்துல பதினாறுக்கு விக்கலாம். அதுக்கு இதுகூடத் தெரியலை."

"நம்மகிட்ட இருக்கிற கொட்டை, முள்ளம்பன்றியோட மேட்டு வளையை வாங்கறதுக்கு. போன மழையில தண்ணி குட்டிங்க கழுத்துவரைக்கும் வந்துச்சே, மறந்துட்டீங்களா?"

"மழை பெய்யட்டும். ஒண்ணுக்கு ரெண்டு வளையா வாங்கித் தாரேன்."

சேர்த்து வைத்ததையெல்லாம் யானைகளிடம் கொட்டி, கீரி நாற்பது மூட்டை வாங்கியது. பாறைக் குகையில் அடுக்கி வாயைக் கல்லால் அடைத்தது.

மழையும் வந்தது. கீரி தினமும் கரடியின் கடைக்குப் போய், அங்கே மடித்துக் கிடந்த காலிச் சாக்குகளின் மேல் உட்கார்ந்து விலை கேட்கும். கரடியும் தினமும் "எட்டுதான்" என்னும். யானைகள் மழையிலும் வந்தன. காலையில் இறங்கிய முப்பது மூட்டையும் உச்சிப்பொழுதுக்குள் தீர்ந்துவிடும். நாளைக்கு விலை ஏறும், நாளைக்கு ஏறும் என்றே இரண்டு மாதம் ஓடியது.

ஒரு காலையில் வளைக்குள் தண்ணீர் புகுந்தது. அலமேலு குட்டிகளைக் கவ்விக்கொண்டு ஆலமர வேரில் ஏறி நின்றது.

"கிடைச்ச விலைக்கு வித்துட்டு வாங்க!" என்று கத்தியது.

கீரி ஓடிப்போய்க் குகையைத் திறந்தது. ஒரு மூட்டையைப் பிரித்துக் கையை விட்டது. தினை இல்லை, வெறும் மாவு. கறுப்பு வண்டுகள் கைமேல் ஊர்ந்து ஏறின. அடுத்த மூட்டையைப் பிரித்தது. அதற்கடுத்ததையும் பிரித்தது. நாற்பதுக்கும் அதே கதிதான். கீரி அப்படியே உட்கார்ந்துவிட்டது.

அந்தப் பக்கம் வந்த கரடி எட்டிப் பார்த்தது. ஒரு சாக்கை உதறி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தது.

"சாக்கு நல்லா இருக்குடே. ஒண்ணுக்குப் பத்துக் கொட்டை தாரேன், குடுக்கியா?"

"வெறும் சாக்குக்கா, அண்ணாச்சி?"

"மழைக்காலத்துல விரிக்க, போர்த்த, வாசலை அடைக்க எல்லாருக்கும் சாக்குதானே வேணும்? நான் தினையை வாங்குன விலைக்கே தள்ளுறது சீக்கிரம் தீரணும்னுதான். சாக்குக்கு யானை தனி விலை கேக்காது; முப்பது மூட்டை போனா முப்பது சாக்கு மிச்சம். அதுதான்டே என் சாப்பாடு."

கீரிக்கு அப்போதுதான் புரிந்தது. இரண்டு மாதமாகத் தினமும் அது உட்கார்ந்திருந்தது கரடியின் லாபத்தின் மேல்தான்!

முப்பத்தொன்பது சாக்கைக் கீரி விற்றது. கிடைத்தது, மேட்டு வளையின் விலையில் கால்வாசிகூட இல்லை. மிச்சமிருந்த ஒரே சாக்கைப் போர்த்திக்கொண்டு, அந்த மழைக்காலம் முழுக்கக் குட்டிகள் ஆலமர வேரில் நடுங்கிக் கிடந்தன.

அடுத்தவர் எப்படிப் பிழைக்கிறார் என்று தெரிந்துகொள்ளாமலே அவரை மக்கு என்று நினைப்பவர், தம் பிழைப்பைத்தான் முதலில் இழப்பார்.