யானை அஜீரணப் புத்தகத்தின் இரண்டாவது பிரதி

மதியழகன் வாயைத் திறந்தால் பொய்தான் வரும் என்று திருச்சியில் சிலர் சொல்லுவார்கள். அநியாயமான பேச்சு. வாயை மூடிக்கொண்டிருக்கும்போதும் அவருக்குப் பொய் வரும். அதற்குத்தான் கைப்பேசி வைத்திருந்தார்.

பழைய புத்தகங்களை இணையத்தில் விற்பது அவர் தொழில். விற்பது என்றால் கையில் புத்தகத்தை வைத்துக்கொண்டு விற்பது என்று யாரும் அவசரப்பட்டு நினைத்துவிடக் கூடாது. அந்தச் சிரமத்தையெல்லாம் அவர் எப்போதோ விட்டொழித்துவிட்டார். யாராவது ஓர் அரிய புத்தகத்தை விற்பனைத் தளத்தில் போட்டால், அதே புத்தகம் தன்னிடமும் இருப்பதாக மதியழகனும் போடுவார், விலையை மட்டும் பல மடங்கு ஏற்றி. விலை கூடினால் சரக்கு உசத்தி என்று நம்பும் புண்ணியவான்கள் உலகத்தில் எப்போதும் உண்டு. அவர்களில் ஒருவர் ஆர்டர் போட்டதும், முதலில் போட்டவரிடம் மலிவாக வாங்கி, உறையை மாற்றி அனுப்பிவிடுவார். நடுவில் நிற்கும் காசு தன்னுடைய ரசனைக்குக் கிடைக்கும் கூலி என்று சொல்லிக்கொள்வார்.

இந்த ஏற்பாட்டைக் கெடுக்க ஒருவர் வந்து சேர்ந்தார். பாலக்கரை ஹசீனா பேகம். வீட்டிலிருந்தபடியே பழைய புத்தகம் விற்கிறவர், அதிகம் பேசாதவர். அவரிடம் 'யானைக்கு வரும் அஜீரணமும் அதற்குரிய கைவைத்தியமும்' என்றொரு புத்தகம் கிடைத்தது. வெள்ளைக்காரன் காலத்து அச்சு. வெளிவந்தபோதே யாரும் வாங்கவில்லை, அதனால்தான் இப்போது அரிய புத்தகமாகியிருந்தது. ஹசீனா அதற்குத் தொள்ளாயிரம் ரூபாய் போட்டார். மதியழகன் வழக்கம்போல் தன்னிடமும் ஒன்று இருப்பதாகச் சொல்லி ஒன்பதாயிரம் போட்டார்.

ஹசீனா அதைப் பார்த்தார். விலை தெரிந்த பெரிய மனுஷர் ஒன்பதாயிரம் போட்டிருக்கும்போது நான் மட்டும் ஏன் ஏமாளியாக இருக்க வேண்டும் என்று தன்னுடையதை ஒன்பதாயிரத்து ஐந்நூறு ஆக்கிவிட்டார். மதியழகன் இதைக் கவனிக்கவில்லை. ஆக, இருக்கிற புத்தகம் விலை கூடுதலாகவும் இல்லாத புத்தகம் மலிவாகவும் போய் நின்றன. வாங்குகிறவருக்கு என்ன பைத்தியமா? ஒரு நாள் காலை இல்லாத புத்தகத்துக்கு ஆர்டர் வந்துவிட்டது.

யார் ஆர்டர் போட்டது என்று அந்தத் தளம் விற்பவருக்குக் காட்டாது. ஆர்டர் எண்ணை மட்டும் கொடுக்கும். கூரியர் கவுண்டரில் அந்த எண்ணைச் சொன்னால்தான் முகவரி அச்சாகி வரும். ஆனால் ஒரு விஷயத்தைத் தெளிவாகக் காட்டியிருந்தது. ஏற்கெனவே இரண்டு ஆர்டர்களை மதியழகன் அனுப்பாமல் ரத்து செய்திருந்தார். இதுவும் சாயங்காலக் கூரியர் வேனில் போகவில்லையென்றால் தளத்தில் இருக்கும் அவர் கடையை மூடிவிடுவார்கள். அந்தக் கடை போனால் அவருக்கு வேறு பிழைப்புத் தெரியாது. காலையில் சாப்பிட்டது எதுவும் அவருக்குச் செரிக்கவில்லை, யானை வைத்தியப் புத்தகத்தில் மனிதருக்கும் ஏதாவது இருக்குமோ என்று யோசிக்கும் அளவுக்கு.

தெப்பக்குளம் பக்கத்துக் கூரியர் அலுவலகத்துக்கு ஹசீனா தினமும் பார்சல்களோடு வருவார். மதியழகன் முன்கூட்டியே போய் அங்கிருந்த ஒரே நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். அவருடைய திட்டம் எளிமையானது. அந்தப் புத்தகத்தைப் பற்றி மட்டமாகப் பேச வேண்டும். ஹசீனா மனசு விட்டுப்போய் விலையைக் குறைக்க வேண்டும். பழைய தொள்ளாயிரத்துக்கு வாங்கி, அங்கேயே பார்சல் போட்டுவிட வேண்டும். ஐந்நூறு ரூபாய் நஷ்டத்தைப் பேசாமல் விழுங்கியிருந்தால் ஐந்து நிமிஷத்தில் காரியம் முடிந்திருக்கும். ஆனால் மதியழகன் நஷ்டத்துக்கு வாங்கினார் என்று நாளைக்கு நாலு பேர் சொல்லிவிட்டால்? அந்த மானத்துக்குத்தான் அவர் பயந்தார்.

ஹசீனா வந்தார். தோள்பையைக் கீழே வைக்காமல் அணைத்துப் பிடித்திருந்தார். யானைப் புத்தகம் அதில்தான் இருக்கிறதாம். அவ்வளவு விலையுள்ள சரக்கை வீட்டில் விட்டுவிட்டு வர மனம் வரவில்லையாம். புத்தகம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது என்று தெரிந்ததும் மதியழகனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. யானைப் புத்தகமெல்லாம் இப்போது யாரும் சீண்டுவதில்லை, யானைகளே குறைந்துவிட்டன, இருக்கிற யானைகளுக்கும் ஜீரணம் நன்றாகத்தான் ஆகிறது என்று அழகாகத்தான் ஆரம்பித்தார்.

கெடுத்தது லூர்துசாமி. கவுண்டரில் பார்சலுக்கு டேப் ஒட்டுகிறவர். மதியழகனின் பேச்சைத் தினமும் கேட்டுக் கேட்டுக் காது மரத்துப்போனவர். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் ஒரு கேள்வி கேட்டார்.

"ஒரு புத்தகம் இவ்வளவுதான் போகும்னு உங்களுக்கு எப்படிண்ணே தெரியுது?"

அந்தக் கேள்விக்கு அடக்கமாகப் பதில் சொல்லும் பழக்கம் மதியழகனுக்கு இல்லை. உள்ளே ஒரு குரல் வேண்டாம் வேண்டாம் என்றது. வாய் அதற்குள் கிளம்பிவிட்டது.

தான் புத்தகத்தைத் திறந்து பார்த்து விலை வைக்கிற ஆள் இல்லை, மோந்து பார்த்து வைக்கிற ஆள் என்றார். மணப்பாறை சந்தைக்கு ஒரு தடவை பஸ்ஸில் போகும்போது ஜன்னல் வழியே ஒரு வாசனை வந்ததாம். உடனே பஸ்ஸை நிறுத்தச் சொல்லி இறங்கி, வயலெல்லாம் தாண்டி ஒரு வீட்டுக்குப் போய், பரணில் மூன்றாவது டிரங்குப் பெட்டியின் அடியில் ஒரு புத்தகம் கிடக்கிறது, விலை நாலாயிரத்து இருநூறு என்றாராம். அந்த வீட்டுக்காரருக்குத் தன் வீட்டில் பரண் இருப்பதே அன்றைக்குத்தான் தெரியுமாம்.

"நேத்து பக்கத்துக் கடையில கருவாடு காயுது, வாசனையே தெரியலன்னீங்க. சளின்னு சொன்னீங்களே," என்றார் லூர்துசாமி.

கருவாட்டுக்கு வேறு மூக்கு, புத்தகத்துக்கு வேறு மூக்கு என்று மதியழகன் அதை ஒதுக்கித் தள்ளினார். மூக்கு மட்டுமா? தான் விலை வைத்தால் அது வாங்குகிறவரின் பாங்குக் கணக்கில் உள்ள தொகையாகவே இருக்கும், ஒரு ரூபாய் கூடவும் இருக்காது, குறையவும் இருக்காது என்றார். டெல்லியில் ஒருவர் அப்படி வாங்கிவிட்டு, என் கணக்கில் என்ன இருக்கிறது என்று உங்களுக்கு யார் சொன்னது என்று போனில் அழுதாராம். இவர்தான் ஆறுதல் சொல்லி, டீ குடிக்கப் பத்து ரூபாய் அனுப்பிவைத்தாராம்.

இப்பேர்ப்பட்டவர் விலை வைத்த சரக்கு லேசுப்பட்டதாக இருக்காது என்கிற முகத்தோடு ஹசீனா அக்கறையாகக் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு தன் கைப்பேசியை எடுத்து ஏதோ தட்டினார். மதியழகனின் சட்டைப்பையில் கிணிங்கென்று சத்தம் வந்தது. ஹசீனா விலையை மாற்றினால் தெரியட்டும் என்று அவர் காலையில்தான் ஏற்பாடு செய்து வைத்திருந்தார். எடுத்துப் பார்த்தார். யானைப் புத்தகம், இருபத்தைந்தாயிரம்.

மதியழகன் கைப்பேசியைப் பைக்குள் திணித்தார். உடனே பேச்சை மாற்றி, அதெல்லாம் மற்ற புத்தகங்களுக்கு, இந்த யானை விவகாரம் சுத்த வேஸ்ட், பழைய பேப்பர் விலைகூட வராது என்று அவசர அவசரமாகச் சொன்னார். ஹசீனா அவரை ஆச்சரியமாகப் பார்த்தார்.

"அப்ப உங்க காப்பிக்கு மட்டும் ஏண்ணே ஒன்பதாயிரம்? அதுல என்ன விசேஷம்?"

இந்த இடத்தில் சுமாரான பொய்யன்கூட, ஒன்றுமில்லை, சும்மா போட்டேன் என்று தப்பித்திருப்பான். மதியழகன் சுமாரான பொய்யன் இல்லையே. இல்லாத தன் புத்தகத்தை ஒருவர் குறைத்துப் பேசியது போல அவருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது.

"என் காப்பியும் உன் காப்பியும் ஒண்ணா தங்கச்சி? என்னுது அந்த ஆசிரியரே யானை மேல உக்காந்து எழுதின மூலப் பிரதியிலேருந்து மொதமொதல்ல அச்சடிச்சது. இன்னிக்கும் தொறந்தா வரியெல்லாம் லேசா ஆடும். ரெண்டு பக்கம் படிச்சா தலை சுத்தும். மூணாவது பக்கம் படிக்கணும்னா எதையாச்சும் கெட்டியாப் புடிச்சுக்கணும்."

"கண்ணாடி பவர் மாறியிருக்கும்ணே," என்றார் லூர்துசாமி.

மதியழகன் காதில் வாங்கவில்லை. சுவாமி ஊர்வலம் அவர் தெருவழியாகப் போகும்போதெல்லாம் முன்னால் வரும் யானை அவர் வீட்டு வாசலில் நின்றுவிடுமாம். பாகன் அதட்டினாலும் நகராதாம். அலமாரி இருக்கும் ஜன்னலைப் பார்த்துத் தும்பிக்கையைத் தூக்கி ஒரு கும்பிடு போட்டுவிட்டு, ஒரு பெரிய ஏப்பம் விட்டுவிட்டுத்தான் போகுமாம். புத்தகம் பக்கத்தில் இருந்தாலே போதும், யானைக்கு வாயு கலைந்துவிடும் என்றார். அந்த ஏப்பத்தில் எதிர்வீட்டுக் கொடியில் காய்ந்த வேட்டி நேரே ஸ்ரீரங்கத்தில் போய் விழுந்தது, அவர்கள் பாலம் தாண்டிப் போய் எடுத்துக்கொண்டு வந்தார்கள், வேண்டுமானால் கேட்டுப் பாருங்கள் என்றார்.

சட்டைப்பை மறுபடி சிணுங்கியது. அறுபதாயிரம்.

மதியழகன் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். தன் வாயைத் தானே பொத்திக்கொண்டால் தேவலை என்று அவருக்கு உண்மையாகவே தோன்றியது. ஆனால் லூர்துசாமி விடுவதாக இல்லை. அவ்வளவு பழைய புத்தகத்தைப் பூச்சி அரிக்கவில்லையா என்று கேட்டுவைத்தார். ஹசீனாவும் ஆமாம், அதுதான் முக்கியம் என்றார். வியாபாரத்தில் அது நியாயமான கேள்விதான். ஓரத்தில் கொஞ்சம் அரித்திருக்கிறது என்று சொன்னால் விலை இறங்கும், நல்ல சந்தர்ப்பம் என்று மதியழகனின் மூளை சரியாகத்தான் கணக்குப் போட்டது.

"அரிச்சிருக்கு. இல்லேங்கல. ஒரே ஒரு ராமபாணப் பூச்சி, ஓரத்துல ஒரு கடி." அங்கே நிறுத்தியிருக்கலாம். நிறுத்தினால் அது மதியழகனா? "மறுநாள் காலைல அலமாரியத் தொறந்து பாக்குறேன், அந்தப் பூச்சிக்குத் தும்பிக்கை மொளைச்சு நிக்குது. ஒரு வாரத்துல ஆட்டுக்குட்டி சைஸ். இப்ப எங்க வீட்டுல தண்ணிக் குடம் எல்லாம் அதுதான் தூக்கிட்டு வருது."

லூர்துசாமி டேப் ஒட்டுவதை நிறுத்திவிட்டார். அப்படியானால் வீட்டு வாடகையில் பாதியை அது தருகிறதா என்று கேட்டார். மதியழகன் அவரைப் பரிதாபமாகப் பார்த்து, ஞானசூன்யங்களோடு பேசிப் பிரயோஜனமில்லை என்று ஹசீனா பக்கம் திரும்பினார். ஹசீனாவின் கட்டைவிரல் கைப்பேசியில் ஓடிக்கொண்டிருந்தது. சட்டைப்பை சிணுங்கியது. மதியழகன் எடுத்துப் பார்க்கவில்லை. பார்க்கத் தைரியம் இல்லை. பார்க்காமலிருக்கவும் தைரியம் இல்லாததால் கடைசியில் பார்த்தார். ஒரு லட்சத்து இருபதாயிரம்.

அதே நேரம் வேன் வந்து வாசலில் நின்றது. டிரைவர் மூட்டைகளை எடுத்துப் போட ஆரம்பித்தார். மதியழகன் மிச்சமிருந்த மூட்டைகளை எண்ணிப் பார்த்தார். மூடிய கடையும், வேலை இல்லாமல் வீட்டில் உட்கார்ந்திருக்கும் தானும் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றார்கள். இனி மானத்தைப் பார்த்தால் ஆகாது. நாற்காலியை விட்டு எழுந்தார். அன்றைக்கு முதல் தடவையாக ஹசீனாவை உட்காரச் சொன்னார். குரலைத் தாழ்த்தி, ஒரு உதவி வேண்டும், உன் பிரதியை எனக்குக் கொடுத்துவிடு, விலையை முன்னே பின்னே பார்த்துப் போட்டுக்கொள்ளலாம் என்றார்.

"உங்ககிட்டதான் அப்பேர்ப்பட்ட காப்பி இருக்கே. இன்னொண்ணு எதுக்குண்ணே?"

உண்மையைச் சொல்ல இது கடைசி வாய்ப்பு. மதியழகன் யோசித்தார். உண்மையை எங்கிருந்து ஆரம்பிப்பது என்று அவருக்குத் தெரியவில்லை, பழக்கமில்லாத சமாசாரம். அதனால் தெரிந்த வழியிலேயே போனார். தன் புத்தகம் தனியாக இருந்து ஏங்குகிறது என்றார். முன்பெல்லாம் தொட்டாலே திறந்துகொள்ளும், இப்போது அட்டையை இறுக்கி மூடிக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்கிறது, பக்கங்கள் இளைத்துவிட்டன, பெரிய பெரிய ஆட்களிடம் காட்டிவிட்டேன், இதற்கு மருந்து கிடையாது, இன்னொரு பிரதியைப் பக்கத்தில் வைத்தால்தான் பிழைக்கும் என்று கையை விரித்துவிட்டார்கள் என்றார். சொல்லும்போது அவருக்கே கண்ணில் நீர் துளிர்த்தது. அதில் நடிப்பு இல்லை. டிரைவர் கடைசி மூட்டையைத் தூக்கிக்கொண்டிருந்தார்.

ஹசீனா மனம் இளகிவிட்டார். முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

"பாவம்ணே. நீங்க கவலைப்படாதீங்க. இன்னிக்கே அது தொணையோட சேந்துடும்."

மதியழகன் இரண்டு கையையும் நீட்டினார். ஹசீனா பையைத் திறக்கவில்லை.

"காலைல உங்களுக்கு ஆர்டர் போட்டது நான்தாண்ணே. இருக்கிறது மொத்தமே ரெண்டு காப்பி. ரெண்டும் என்கிட்ட இருந்தா நான் வெக்கிறதுதானே விலைன்னு நெனைச்சேன். ஆனா அதுல இத்தனை விசேஷம் இருக்குன்னு சத்தியமாத் தெரியாது. ஒன்பதாயிரத்துக்கு வாங்குறோமேன்னு இப்ப எனக்கே கூச்சமா இருக்கு."

நீட்டிய கைகளை மடக்கவும் மதியழகனுக்கு மறந்துபோயிருந்தது.

லூர்துசாமி டேப்பை எடுத்து மேசைக்குள் வைத்து மூடினார். வேனைக் கிளம்பச் சொல்லி டிரைவருக்குச் சைகை காட்டினார்.

"அப்ப பார்சல் செலவு எதுக்குண்ணே? ஆளு எதிர்லயே இருக்காங்க. கையிலயே குடுத்துடுங்க."