கருப்புக் குடை பிடித்த ராஜா

முன்னொரு காலத்துல கருங்காட்டூரைக் கார்வண்ணன்னு ஒரு ராஜா ஆண்டான். அவனுக்கு எல்லாமே கருப்பாக இருக்கணும். கொடி கருப்பு, குதிரை கருப்பு. தளவாய் சொக்கேசன் அவனிடம் நல்ல பேர் வாங்க, சபை மண்டபத்துக் கூரை முழுக்கக் கரிச்சாந்து பூசிவிட்டான். ராஜா மனசு குளிர்ந்தது. மண்டபம் கொதித்தது.

சித்திரை வெயிலில் மண்டபத்து விசிறிக் கயிறு இழுக்கிற ஒண்டிங்கிற வேலைக்காரன் மயங்கி விழுந்தான்.

"வேலை நேரத்தில் தூக்கமா? நாளை பவனி முடிந்ததும் இவனைச் சிறையில் தள்ளுங்கள்!" என்றான் ராஜா.

மந்திரி ஏகாம்பரத்துக்கு அலுத்துப்போச்சு. மூணு கோடையா இதே பேச்சு. ஆனாலும் சொன்னார்.

"காத்தே சூடு மகாராஜா, அவன் எதை விசிறுவான்? கூரைக்குச் சுண்ணாம்பு அடிங்க. வெள்ளை, வெயிலைத் திருப்பி அனுப்பிடும். கருப்பு, உள்ளே கூப்பிட்டு உட்கார வைக்கும்."

"வெள்ளையா? சாவு வீட்டு நிறம்!" சொக்கேசன் துள்ளினான். "மந்திரியாருக்கு முடியோட புத்தியும் வெளுத்துப்போச்சு!"

சபை சிரித்தது. சண்டை போட மந்திரிக்குத் தெம்பில்லை.

"சரிதான் தளவாய். அப்போ மகாராஜா தலைக்கு மேல சாவு வீட்டு நிறம் நிக்கலாமா? நாளைக்கு வெண்கொற்றக் குடையையும் கருப்பாக்கிடுவோம்."

"ஆகா! நானே பிடிக்கிறேன்!" என்றான் சொக்கேசன்.

மறுநாள் உச்சிவெயில். பவனி கடைவீதியைத் தாண்டுவதற்குள் கிரீடம் தோசைக்கல் ஆயிற்று.

"யோவ் தளவாய், குடை பிடிக்கிறியா, அடுப்பு பிடிக்கிறியா?" ராஜா கத்தினான். "மந்திரி, நேத்து வரைக்கும் குளுகுளுன்னு இருந்துச்சே?"

"நேத்து வரைக்கும் அது வெள்ளை, மகாராஜா. நீங்க ஒரு வீதிதான் வந்தீங்க. ஒண்டி கோடை முழுக்கக் கருப்புக் குடைக்குள்ள நின்னான்."

ராஜா தலையைத் தடவிக்கொண்டான்.

"ஒண்டியை விடுங்க. தளவாய், ஏணியில ஏறு. சுண்ணாம்பு நீயே அடி."

சுண்ணாம்பு காய்ந்தது, மண்டபம் ஆறியது. ராஜா முத்துமாலையோடு வந்தான்.

"மந்திரி, என்ன வேணும்? கேளும்!"

மந்திரி தூணில் சாய்ந்து குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

மூக்கெல்லாம் சுண்ணாம்போடு சொக்கேசன் ஓடி வந்தான். "பாருங்க மகாராஜா! வேலை நேரத்துல தூக்கம்!"

"மெதுவா பேசுய்யா," என்ற ராஜா, மாலையை மந்திரி மடியில் வைத்தான்.

ஒண்டி, யாரும் சொல்லாமலே, விசிறிக் கயிற்றை லேசாக இழுத்தான்.