மூணாம் ரகம்

"கோச்சு, என் பொண்டாட்டி என்னைக் கொன்னுட்டா."

சென்னியப்பன் தகர டப்பாவை மேசை மேல விட்டெறிஞ்சார். மூடி தெறிச்சு, ஈயக் குண்டு பத்துப் பதினஞ்சு தரையில உருண்டு ஓடுச்சு.

கோச் நஸ்ரின் நிமிர்ந்து பார்த்தாங்க.

"என்ன ஆச்சுங்கண்ணா?"

"அலமாரியைத் துடைக்கறேன்னு மூணு டப்பாவையும் தட்டி விட்டுட்டா. ஒன்னாம் ரகம், ரெண்டாம் ரகம், மூணாம் ரகம், எல்லாம் கலந்து போச்சு. இந்தா, ஒரே டப்பாவுல அள்ளிக் கொண்டாந்திருக்கேன். இதை வச்சுக் காக்கா சுடுங்க!"

எங்க ஏர் ரைஃபிள் ரேஞ்சு ஒரு பழைய பஞ்சு குடோன். பத்து மீட்டர், ஆறு லேன். கோச்சுக்கு வயசு இருபத்தேழு. சென்னியப்பனுக்கு நாப்பத்தெட்டு. நான் அவருக்குப் பக்கத்து லேன்ல சாயங்காலம் சுடறவன். எனக்கும் கோபக்காரன்னு பேரு உண்டு. ஆனா இந்த மனுசன் முன்னாடி நானெல்லாம் பச்சப்புள்ள.

அவருக்கு நகைக்கடையில எடை போடற வேலை. இருபத்தாறு வருசமாத் தராசு முன்னாடியே உக்காந்தவர். அந்தப் பழக்கத்தை இங்கயும் கொண்டாந்துட்டார். மிளகு சைஸ் குண்டு. ஒவ்வொன்னா இடுக்கியில எடுத்து எடை போடுவார். ஐந்நூத்தி முப்பது மில்லிகிராம் சரியா நின்னா ஒன்னாம் ரகம். ஒரு மில்லி கூடக் குறைய இருந்தா ரெண்டாம் ரகம். மீதி மூணாம் ரகம்.

ஒன்னாம் ரகம் போட்டிக்கு மட்டும். பயிற்சிக்கு மூணாம் ரகம்.

பயிற்சியில குண்டு ஓரமாப் போனா திரும்பிப் பாத்துச் சொல்லுவார். "மூணாம் ரகம். வேற எப்படிப் போகும்?"

மூணு வருசமா இதே பேச்சு. கேட்டுக் கேட்டு எனக்குக் காதே புளிச்சுப் போச்சு. போட்டியில ஒன்னாம் ரகத்தை வச்சுச் சுட்டும் தோத்தார். அப்பத் தராசு சரியில்லைன்னு புதுத் தராசு வாங்கினார்.

வர்ற ஞாயித்துக்கிழமை மறுபடியும் மாநிலத் தேர்வு. அறுபது குண்டுல ஐந்நூத்தித் தொண்ணூத்தஞ்சு புள்ளி எடுத்தா உள்ள. போன வருசம் ஒன்னரைப் புள்ளியில போச்சு. இந்த வருசமும் போனா துப்பாக்கியை வித்துடறதா எல்லார்கிட்டயும் சொல்லி வச்சிருந்தார்.

"மூணு மாச உழைப்புங்க கோச்சு! தொள்ளாயிரம் குண்டு! ஞாயித்துக்கிழமைக்குள்ள மறுபடி பிரிக்க முடியுமா? எனக்குக் கடை வேலை இருக்குது. போச்சு. எல்லாம் போச்சு."

"அக்காவை என்ன சொன்னீங்க?"

"சொல்ல என்ன இருக்குது? உன் கை விளங்காமப் போகட்டும்னு சொன்னேன்."

எனக்குச் சுருக்குன்னுச்சு. கட்டின பொண்டாட்டியைப் பார்த்துச் சொல்ற வார்த்தையா அது?

கோச் எந்திரிச்சாங்க. அவங்க கோபப்பட்டா குரல் ஏறாது. இறங்கும்.

"கீழ கிடக்கறதைப் பொறுக்குங்க."

குனிஞ்சு பொறுக்கினார்.

"டப்பாவை வச்சிட்டுப் போங்க. வெள்ளிக்கிழமை சாயங்காலம் வாங்க."

"இன்னைக்குத் திங்கக்கிழமைங்க! ஞாயித்துக்கிழமை போட்டி! நாலு நாள் சுடாம இருக்கச் சொல்றீங்களா?"

"ஆமா."

"எதுக்கு?"

"வெளிய போங்கண்ணா."

போனார். கதவை அறைஞ்ச அறையில ஆறாம் லேன் லைட்டு அணைஞ்சு போச்சு.

புதன்கிழமை எதிர்ல பேக்கரியில அவரைப் பார்த்தேன். பன்னை டீயில முக்கித் தின்னுட்டிருந்தார்.

"வீட்ல சாப்பாடு இல்லீங்களா?"

"அவ கையால பச்சத் தண்ணி குடிக்க மாட்டேன்."

"ஏனுங்க, மூணு நாளா பேசவே இல்லையா?"

"நான் பேசல."

"அவங்க?"

"அவளும் பேசல. காலையில தட்டு வைக்கறா. நான் பாக்காம வந்துடறேன்."

எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. "ஈயக் குண்டுக்காங்க இத்தனை வீம்பு?"

"உனக்கு எடை தெரியாது. நீ சும்மா இரு."

அந்த ஆளோட பேசறதே தண்டம்னு என் டீக்கு மட்டும் காசைக் குடுத்துட்டு வந்துட்டேன்.

வெள்ளிக்கிழமை ஆறு மணிக்கெல்லாம் வந்துட்டார். முகத்துல நாலு நாள் தாடி.

கோச் டப்பாவைக் கொண்டாந்து வச்சாங்க. உள்ள கால் டப்பாவுக்குக் குண்டு இருந்துச்சு.

"நீங்க கொண்டு வந்த குண்டுதான். அறுபது சுடுங்க. ஒவ்வொன்னு சுட்டதும் அது எந்த ரகம்னு சொல்லுங்க. நான் எழுதிக்கறேன்."

சென்னியப்பன் முகம் மலர்ந்துச்சு. மூணு வருசத்துல முதல் தடவையா கோச்சு தன் வழிக்கு வந்துட்டாங்கன்னு நினைச்சிருப்பார்.

"இப்பத்தாங்க உங்களுக்குப் புரிஞ்சிருக்குது."

கோச் நோட்டைத் திறந்தாங்க.

முதல் குண்டு. திரையில பத்து புள்ளி நாலு.

"ஒன்னாம் ரகம்!"

ரெண்டாவது. பத்து புள்ளி ஒன்னு.

"ஒன்னு."

மூணாவது. ஒன்பது புள்ளி ரெண்டு.

"மூணாம் ரகம்! பாத்தீங்களா? கண்ணு முன்னாடி பாத்தீங்களா?"

கோச் எழுதினாங்க.

இருபதாவது குண்டு எட்டு புள்ளி ஏழு. நான் நின்ன இடத்துல இருந்தே தெரிஞ்சுது, விசையை வெடுக்குன்னு இழுத்துட்டார். இவர் துப்பாக்கியை இறக்கிட்டு மேல பார்த்துக் கத்தினார்.

"கோகிலவாணி!"

பொண்டாட்டி பேரு அதுதான்.

"ரகத்தைச் சொல்லுங்க," ன்னாங்க கோச்.

"மூணு! மூணு! கழிசடை!"

அதுக்கப்புறம் ஒன்பதுக்குக் கீழ எது விழுந்தாலும் கோகிலவாணிதான். ரேஞ்சே கேட்டுட்டிருந்துச்சு. நான் சுடறதையே நிறுத்திட்டேன். அப்படியே போய் அவர் சட்டையைப் பிடிக்கலாமான்னு இருந்துச்சு.

அறுபது முடிஞ்சுது. ஐந்நூத்தி எண்பத்தொன்பது புள்ளி ரெண்டு.

துண்டால முகத்தைத் துடைச்சார். "கலந்து கிடக்கற குண்டுல இதுவே பெருசு. எல்லாம் ஒன்னாம் ரகமா இருந்தா அறுநூறு வந்திருக்கும். வயித்தெரிச்சல்."

கோச் நோட்டைப் பார்த்து வாசிச்சாங்க. "ஒன்னாம் ரகம் முப்பத்தொன்னு. ரெண்டாம் ரகம் ஒன்பது. மூணாம் ரகம் இருபது. அக்கா பேரு ஏழு தடவை."

"எழுதி வைங்க. நல்லா எழுதி வைங்க."

கோச் மேசைக்குக் கீழ இருந்து ஒரு மஞ்சப் பையை எடுத்தாங்க. அதுக்குள்ள இருந்து கண்ணாடி மூடி போட்ட சின்னத் தராசையும் இடுக்கியையும் எடுத்து அவர் முன்னாடி வச்சாங்க.

"டப்பாவுல மிச்சம் இருக்கறதை எடை போடுங்க."

"எதுக்கு?"

"போடுங்கண்ணா."

இடுக்கியில ஒன்னை எடுத்து வச்சார். ஐந்நூத்தி முப்பது.

அடுத்தது. ஐந்நூத்தி முப்பது.

அடுத்தது. ஐந்நூத்தி முப்பது.

பத்துக் குண்டு வச்சார். இன்னும் பத்து வச்சார். நம்பர் மாறவே இல்லை.

"எல்லாமே ஒன்னாம் ரகமா இருக்குதே!"

கோச் இன்னும் ரெண்டு டப்பாவை எடுத்து வச்சாங்க. மூடி மேல காகிதம் ஒட்டி ரெண்டுன்னும் மூணுன்னும் பேனாவால எழுதியிருந்துச்சு. ரெண்டும் விளிம்பு வரைக்கும் நிறைஞ்சு கிடந்துச்சு.

"இதுல இருந்து ஒன்னுகூட நீங்க இன்னைக்குச் சுடல."

சென்னியப்பன் நோட்டைப் பார்த்தார். டப்பாவைப் பார்த்தார். அவர் கழுத்து நரம்பு புடைச்சுது.

"என்னைப் பைத்தியக்காரன் ஆக்கறீங்களா? நீங்க பாட்டுக்குப் பிரிச்சு வச்சுட்டு என்கிட்ட விளையாடறீங்களா? எடை போட உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாது. நான் இதுவரைக்கும் ஒரு குண்டைக்கூட எடை போட்டதில்ல."

"அப்புறம் இது யாரு பிரிச்சது?"

கோச் தராசை அவர் பக்கம் தள்ளி வச்சாங்க.

அப்பத்தான் அவர் தராசை ஒழுங்காப் பார்த்தார். மஞ்சப் பையைத் தொட்டுப் பார்த்தார்.

"இது என் தராசு. வீட்ல பீரோவுல இருந்தது."

"ஆமா."

"இங்க எப்படி வந்துச்சு?"

"செவ்வாய்க்கிழமை நீங்க கடைக்குப் போனதும் அக்கா பஸ் ஏறி வந்தாங்க. கலந்த குண்டு எங்க இருக்குதுன்னு கேட்டாங்க. நாலு நாளா தினமும் வந்தாங்க. தண்ணி குடிங்கன்னாக்கூட நிமிரல. இன்னைக்கு மத்தியானம்தான் முடிச்சாங்க."

சென்னியப்பன் இடுக்கியைக் கீழ வச்சார்.

அப்புறம் மெதுவாக் கேட்டார்.

"அவளுக்கு இடுக்கி பிடிக்கத் தெரியாதே. எப்படிப் பிரிச்சா?"

"கையாலதான்," ன்னாங்க கோச். "விளங்காமப் போகட்டும்னு சொன்னீங்களே, அதே கை."

ரேஞ்சுல ஒருத்தரும் சுடல.

அவர் துப்பாக்கியைப் பெட்டிக்குள்ள வச்சு மூடினார். தராசை மஞ்சப் பையில போட்டுக் கையில எடுத்துக்கிட்டார். மூணு டப்பாவையும் மேசையிலேயே விட்டுட்டு வாசலுக்கு நடந்தார்.

"அண்ணா," ன்னு கோச் கூப்பிட்டாங்க. "ஞாயித்துக்கிழமைக்கு எந்த டப்பா?"

அவர் திரும்பல.

"எதையாச்சும் எடுத்து வைங்க கோச்சு. நான் வீட்டுக்குப் போய்ச் சாப்பிடோணும்."